நிறுத்திய காரணம்

பதிவேட்டில் அந்தக் கட்டம்
என் பெருவிரல் அகலம்.
அதற்குள் ஒரு தாய் முழுதாக வந்து
உட்கார வேண்டும்.
பதின்மூன்று வருடமாக நான் எழுதுவது
அநேகமாக ஒன்றுதான்:
பால் போதாது.
அப்படி எழுதினால் யாரும் மேலே கேட்பதில்லை.

முத்தையன்கட்டு, இடதுகரை.
வாய்க்காலோடு போகிற கிறவல் பாதையில்
மூன்றாவது வளைவு, நிரோஜினி வீடு.
போயா லீவு. எனக்கும் லீவுதான்,
மற்ற நாளில் அவளைப் பிடிக்க முடியாது.
பிள்ளைக்கு எட்டு மாதம்.
எடை ஒரு கோடு இறங்கியிருந்தது.
கவிழ்த்த போத்தலின் சூப்பியில் எறும்பு.

"பால் வத்திப்போச்சு மிஸ்" என்றாள்.
சொல்லும்போதே
சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டு வந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

பிறகு பாயை விரித்தாள்.

கச்சானுக்குத் தண்ணி இறைக்க மோட்டார்,
மோட்டாருக்குக் குழுக்கடன்.
கச்சானை யானை தின்றது.
கடனைத் தின்ன ஒன்றும் வரவில்லை.
செவ்வாய்க்கிழமை வருகிற பொடியன் நல்லவன்தான்,
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறுவான்,
காசு வைக்கும்வரை எழும்பமாட்டான்.
அதுதான் கார்மென்ட்ஸ்.
விடிய ஐந்தேகாலுக்குச் சந்தியில் பஸ்,
இருட்டினபிறகு அதே சந்தி.
நாளுக்கு அறுநூறு பொக்கற் தைக்க வேண்டும்.

பத்தரை மணிக்குத் தன்பாட்டில் சுரக்குமாம்.
பக்கத்து மெசின்காரியின் போனில்
யாருடையவோ குழந்தை அழுதாலும் போதுமாம்.
வெட்டித் தள்ளின துணித்துண்டை மடித்து உள்ளே வைப்பாள்.
கழிவறைக்கு ஏழு நிமிடம்.
சுவரைப் பார்த்து நின்று பிழிவாள்.
"வெள்ளையாப் போறதைப் பாக்கேலாது மிஸ்,
கண்ணை மூடிக்கொண்டுதான் தண்ணி ஊத்துவன்."

இரவில் குடுக்கலாமே என்றேன்.
பாடமாக்கினதைச் சொன்னேன்:
எடுத்து வைக்கலாம், மூடியுள்ள பாத்திரம்,
இத்தனை மணித்தியாலம்.
கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
இரவில் குடுத்தால் பகலில் தேடுறானாம்,
போத்தலைத் தட்டிவிடுறானாம்,
பார்க்கிற மச்சாள் அவனோடு சேர்ந்து அழுகிறாவாம்.
அதனால் கரியபோளம் உரைத்துப் பூசினாள்.

"முதல்நாள் துப்பினவன்.
இரண்டாம் நாள் முகத்தைச் சுளிச்சுக்கொண்டு குடிச்சான் மிஸ்.
கசக்கக் கசக்க.
என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு.
அண்டைக்குத்தான் நான்
பக்கத்து வளவில போய்ப் படுத்தனான்."

கட்டத்தில் பேனையை வைத்தேன்.

என் அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று
அவளிடம் சொல்லவில்லை.
மருத்துவமாது பயிற்சிக்குப் பெயர் வந்தபோது
மதுரிகாவுக்கு ஏழு மாதம்.
தூர ஊரில் விடுதி, ஆறு பேருக்கு ஓர் அறை.
இரண்டாம் கிழமை தாய்ப்பாலூட்டல் பாடம்.
றப்பர் பொம்மையை எப்படி அணைப்பது,
வாய் எவ்வளவு திறக்க வேண்டும்,
எல்லாருக்கும் முன்னால் செய்துகாட்டி
பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.
மார்பு இரண்டும் கல்லாகிக் காய்ச்சல் காய்ந்தது.
பின்னேரம் கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டேன்,
சத்தம் கேட்கக்கூடாதென்று.
எங்கள் ஊர் மிஸ் அட்டையில் எழுதியது:
தாயின் விருப்பம்.

எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

நிரோஜினியின் கட்டத்தில் தொடங்கினேன்.
மோட்டார் என்று தொடங்கிய வரி
எடைக்குள் போய், தடுப்பூசியைத் தாண்டி,
ஓரத்தில் வளைந்து மேலே ஏறியது.
ஏழு நிமிடத்தை எழுத இடமில்லாமல்
அடுத்த பிள்ளையின் வரியில் கொஞ்சம் எடுத்தேன்.
"உதெல்லாம் எழுதிறவையே?" என்று எட்டிப் பார்த்தாள்.
அவன் தவழ்ந்து வந்து
பதிவேட்டின் மூலையை வாயில் வைத்தான்.
நான் இழுக்கவில்லை.

மாதமுடிவில் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது,
மூலையில் இரண்டு பல் தடத்தோடு.
அந்தப் பக்கத்தில் சிவப்பு வட்டம்.
வட்டத்துக்கு வெளியே, வடிவான கையெழுத்தில்:
சுருக்கமாக எழுதவும்.